வக்கீல் பொய் சொல்லலாமா?

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த புதிது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு மேலதிகாரியிடமிருந்து போன். "இந்த அட்ரஸுக்கு உடனே கிளம்பிப் போங்க. எதுக்குன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்கும் தெரியாது." போனால், லஞ்சம் கேட்ட ஒரு அரசு ஊழியரைப் பொறி வைத்துப் பிடிக்கப் போகிறார்களாம். அதற்கு வெளியாள் சாட்சி வேண்டும். இந்த மாதிரி ட்ராப் கேஸுக்குப் பொதுத்துறை வங்கிக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவது வழக்கம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நோட்டு நம்பர்களை என்னையே படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். நோட்டின் மேல் ஃபீனால்ஃப்தலீன் என்ற வெள்ளைப் பவுடரைத் தடவினார்கள். கேட்டால் மட்டும்தான் கொடுக்க வேண்டும், நீங்களாக நீட்டக் கூடாது என்று புகார் கொடுத்தவருக்கு நாலு தடவை சொன்னார்கள். மத்தியானம் அந்த ஊழியர் பணத்தை வாங்கினார். அவருடைய விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கச் சொன்னார்கள். தண்ணீர் ரோஸ் மில்க் கலருக்கு மாறியது. அதை பாட்டிலில் ஊற்றி சீல் வைத்து, லேபிளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்த மனிதரின் கை நடுங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

போன தீபாவளிக்கு மகள் புனேயிலிருந்து வந்திருந்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். சட்டம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கேட்டுவிட்டு, "அப்பா, அந்த ரூம்ல வக்கீல் யாராவது இருந்தாங்களா?" என்றாள்.

"இல்லையே. போலீஸ்காரங்க, நான், இன்னொரு சாட்சி, புகார் கொடுத்தவர். அவ்வளவுதான்."

"அமெரிக்காவா இருந்தா, இந்தத் திட்டத்தை ஆரம்பத்திலேயே அரசு வக்கீல் பார்த்திருப்பார்ப்பா. அதனாலேயே அங்கே பெரிய சண்டை நடந்தது. பொய் சொல்லிப் பிடிக்கிற வேலையில வக்கீல் இருக்கலாமா கூடாதான்னு."

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு, விட்டுப்போன குறிப்புகளையும் சில தீர்ப்புகளையும் ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் விளைவு இந்தப் பதிவு. (நான் பி.காம். வக்கீல் நண்பர்கள் பொறுத்தருள்க.)

விதி என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வக்கீல்களுக்கான நடத்தை விதிகள் உண்டு. மீறினால் கண்டனம், தற்காலிகத் தடை, கடைசியில் வக்கீல் உரிமமே போய்விடும். பெரும்பாலான மாநிலங்கள் அமெரிக்க பார் அசோசியேஷன் எழுதித் தந்த மாதிரி விதிகளைத் தழுவி எழுதிக்கொண்டவை. 1908-ல் முதல் தொகுப்பு, 1969-ல் அடுத்தது, 1983-ல் இன்னொன்று. 1969 தொகுப்பிலிருந்தே ஒரு விதி உண்டு. நேர்மையின்மை, மோசடி, ஏமாற்று, பொய்த்தோற்றம் இவற்றில் எதிலும் வக்கீல் ஈடுபடக் கூடாது. கோர்ட்டுக்குள்ளே, வெளியே என்று பிரித்துச் சொல்லவில்லை. தனியார் வக்கீல், அரசு வக்கீல் என்றும் பிரிக்கவில்லை.

போலீஸ்காரருக்கு இந்த விதி கிடையாது. அவர் வேஷம் போடலாம். மதுவிலக்கு இருந்த காலத்தில், வடக்கு கரோலினாவில் ஒரு மதுவிலக்கு அதிகாரி டூரிஸ்ட் போலப் போனார். முதல் உலகப் போரில் இருவரும் ஒரே படைப்பிரிவில் இருந்தோம் என்று பழைய கதை பேசி, திரும்பத் திரும்பக் கெஞ்சி ஒருவரிடம் விஸ்கி வாங்கினார். வாங்கியதும் கைது. 1932-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குற்றம் செய்யும் எண்ணமே இல்லாதவனைத் தூண்டிவிட்டுக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்றது. ஆனால் ஏற்கெனவே குற்றம் செய்கிறவனுக்கு வலை விரிப்பது தப்பில்லை. போலீஸுக்கு இந்த எல்லை போதும்.

சிக்கல் வக்கீலுக்குத்தான். அமெரிக்காவில் பெரிய வழக்குகளில் அரசு வக்கீல் புலன்விசாரணையின் ஆரம்பத்திலிருந்தே கூட இருப்பார். யாரை அனுப்பலாம், என்ன பேசலாம், எதைப் பதிவு செய்யலாம் என்பதெல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். அப்படியென்றால் வேஷக்காரன் சொல்லும் பொய்யில் அவருக்கும் பங்கு உண்டா? நாம் செய்யக் கூடாததை இன்னொருவரை விட்டுச் செய்யச் சொல்வதும் தப்பு என்று அதே விதிகளில் இருக்கிறதே!

சிகாகோவில் நடந்த நாடகம்

பல வருஷம் இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. காரணம், பலன் அப்படி.

1980-ல் சிகாகோவின் குக் கவுண்டி நீதிமன்றங்களில் பணம் கொடுத்தால் தீர்ப்பு கிடைக்கும் நிலை. டெரன்ஸ் ஹேக் என்ற இளம் அரசு வக்கீல் இதைப் பார்த்து வெறுத்துப்போய் வேலையை விடலாம் என்று இருந்தவர். எஃப்.பி.ஐ. அவரைப் பிடித்து, ஊழல் வக்கீலாக நடிக்கச் சொன்னது. முதலில் லஞ்சம் வாங்கும் அரசு வக்கீலாக, பிறகு நீதிபதிக்குப் பணம் கொடுக்கும் தனியார் வக்கீலாக, மூன்று வருஷத்துக்கு மேல் உடம்பில் டேப் ரெக்கார்டரை ஒளித்துக்கொண்டு நடித்தார். கூட வேலை பார்த்தவர்கள் அவரைத் திருடன் என்றே நினைத்தார்கள். 'ஆபரேஷன் கிரேலார்ட்' என்று பெயர்.

இதற்காகப் பொய் வழக்குகளையே உண்டாக்கினார்கள். எஃப்.பி.ஐ. ஆட்கள் திருடர்களாக நடித்துக் கைதாகி, பொய்ப் பெயரில் கோர்ட்டில் நின்றார்கள். ஒரு நீதிபதியின் அறையிலேயே ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தார்கள். கடைசியில் 92 பேர் மேல் குற்றச்சாட்டு. அதில் 17 பேர் நீதிபதிகள், 48 பேர் வக்கீல்கள். கிட்டத்தட்ட எல்லோருமே தண்டிக்கப்பட்டார்கள்.

மாட்டிய நீதிபதி ஒருவர் மேல்முறையீட்டில், "நான் விசாரித்ததே பொய் வழக்கு. அரசாங்கமே கோர்ட்டை ஏமாற்றியிருக்கிறது" என்று வாதாடினார். 1985-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. லஞ்சம் மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பது, இப்படி உள்ளே போகாமல் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர்கள் பார்வை.

யோசித்துப் பாருங்கள். ஹேக் ஒரு வக்கீல். நாள்தோறும் பொய் சொன்னார், அதுவும் கோர்ட் வளாகத்திலேயே. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் உரிமமே போயிருக்க வேண்டும். ஆனால் அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசு வக்கீலுக்கு யார் எஜமான்?

அடுத்த பத்து வருஷச் சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எதிர்க் கட்சிக்காரருக்கு வக்கீல் இருந்தால், அந்த வக்கீலை விட்டுவிட்டு அவரிடம் நேரடியாகப் பேசக் கூடாது என்பது இன்னொரு விதி. நியூயார்க்கில் ஒரு வழக்கில், வக்கீல் வைத்திருந்த ஒருவரின் வாயைக் கிளற அரசு வக்கீல் ஓர் ஆளை அனுப்பினார். நம்பவைக்க, கோர்ட் அனுப்பியது போல ஒரு போலி சம்மனையும் கொடுத்து அனுப்பினார். 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் போலி சம்மன் எல்லை மீறியது, அரசு வக்கீலுக்கும் இந்த விதி பொருந்தும் என்றது.

மத்திய அரசுக்குக் கோபம். 1989-ல் அட்டர்னி ஜெனரல் தார்ன்பர்க் ஒரு குறிப்பாணை அனுப்பினார். இந்த மாநில விதி நம் வக்கீல்களின் விசாரணை வேலையைக் கட்டுப்படுத்தாது என்பது அதன் சாரம். நம் ஊர் பாஷையில் சொன்னால், "ஹெட் ஆபீஸ் சர்க்குலர் எங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு பிராஞ்ச் தானே எழுதிக்கொண்ட மாதிரி! நீதிபதிகள் பலருக்கு இது பிடிக்கவில்லை.

இதற்கு நடுவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜோசப் மெக்டேட் என்ற எம்.பி. மேல் 1992-ல் லஞ்ச வழக்கு போட்டார்கள். நாலு வருஷம் கழித்து, 1996-ல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. மத்திய அரசு வக்கீல் எந்த மாநிலத்தில் வேலை செய்கிறாரோ, அந்த மாநிலத்தின் வக்கீல் விதிகளுக்கு மற்ற வக்கீல்களைப் போலவே கட்டுப்பட்டவர் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார். 1998-ல் நிறைவேறி, 1999 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. தனிப்பட்ட கோபத்தில் பிறந்த சட்டம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அடுத்த வருஷமே அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது.

ஓரிகன்: ஒரு போன் கால்

ஓரிகன் மாநிலத்தில் கேட்டி என்று ஒரு தனியார் வக்கீல். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக மருத்துவ பில்களைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனம், கண்மூடித்தனமாக கிளெய்மைத் தள்ளுபடி செய்ய அறிக்கை தருகிறது என்று அவருக்குச் சந்தேகம். 1994-ல் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, தானும் ஒரு மருத்துவர் போலவும், அவர்களுக்காக வேலை பார்க்க ஆசைப்படுபவர் போலவும் பேசினார். விஷயம் வெளியே வந்து, ஒழுங்கு நடவடிக்கை.

கேட்டியின் வாதம் சுவாரஸ்யமானது. முன்பு ஒரு வழக்கில் அரசு ஆட்கள் அடிபட்ட துப்புரவுத் தொழிலாளிகளாக நடித்துச் சில மருத்துவர்களிடம் போனார்கள். அதன் பின்னாலிருந்த அரசு வக்கீல்கள் மேல் இவரே புகார் கொடுத்திருந்தார். மாநில பார் அந்தப் புகாரைத் தள்ளிவிட்டது. "அவர்கள் செய்தால் சரி, நான் செய்தால் தப்பா?" என்றார்.

2000-ல் ஓரிகன் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலை யாருமே எதிர்பார்க்கவில்லை. கேட்டி செய்தது தப்பு, அவருக்குப் பகிரங்கக் கண்டனம். சரி. ஆனால் அரசு வக்கீல்களுக்கு விலக்கு உண்டா? விதியில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. இல்லாததை நாங்கள் சேர்த்துப் படிக்க மாட்டோம். வக்கீல் என்றால் எல்லா வக்கீலும்தான்.

மெக்டேட் சட்டத்தால் இது மத்திய அரசு வக்கீல்களையும் கட்டியது. மாறுவேட விசாரணைக்கு ஆலோசனை சொன்னாலே உரிமம் போகலாம் என்ற பயத்தில் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். போதை மருந்து, இணையத்தில் குழந்தைகளுக்கு வலை வீசுபவர்கள் என்று மாநிலத்தில் பல ரகசிய விசாரணைகள் முடங்கிப்போயின.

இன்னொரு பக்கமும் அடி விழுந்தது. கறுப்பர்களுக்கு வீடு வாடகைக்குத் தர மறுக்கிறார்களா என்று பார்க்க, ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும் தனித்தனியாக ஒரே வீட்டைக் கேட்க அனுப்புவார்கள். இருவருமே உண்மையில் வீடு தேடுபவர்கள் இல்லை. வேற்றூரில் வீடு தேடி, "என்ன ஜாதி? மாமிசம் சாப்பிடுவீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன நம்மில் பலருக்கு இந்தச் சோதனையின் அருமை புரியும். அதையும் பெரும்பாலும் வக்கீல்கள்தான் ஏற்பாடு செய்வார்கள். அவர்களும் பயந்தார்கள்.

2001-ல் சட்டமன்றம் தலையிட்டது. 2002 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே விதியைத் திருத்தியது. சட்டத்துக்கு உட்பட்ட ரகசிய விசாரணைக்கு வக்கீல் ஆலோசனை சொல்லலாம், மேற்பார்வை பார்க்கலாம். ஆனால் சட்டமீறல் நடந்தது, நடக்கிறது, அல்லது சீக்கிரம் நடக்கப்போகிறது என்பதற்கு நியாயமான வாய்ப்பு இருப்பதாக அவர் நல்லெண்ணத்தோடு நம்ப வேண்டும். அரசு வக்கீலுக்கு மட்டும் என்று எழுதாமல் எல்லா வக்கீலுக்கும் எழுதினார்கள். கிரிமினல், சிவில், அரசியல் சட்ட உரிமை மூன்றுக்குமே பொருந்தும்.

திருத்தத்தில் இருக்கும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். ஆலோசனை சொல்வது. மேற்பார்வை பார்ப்பது. வக்கீலே நேரில் பொய் சொல்லலாம் என்று அதில் இல்லை. அதற்கான காரணத்தை அதே வருஷம் கொலராடோ காட்டியது.

கொலராடோ: "நான்தான் உன் வக்கீல்"

1998-ம் வருஷம். கொலராடோவில் ஜெஃபர்சன் கவுண்டி. வில்லியம் நீல் என்பவன் ஒரு வாரத்துக்குள் மூன்று பெண்களைக் கொன்றிருந்தான். குடும்பத்தோடு படிக்கும் பதிவு, விவரம் வேண்டாம். கொலை நடந்த வீட்டில் போலீஸ். அவன் எங்கிருக்கிறான் என்று தெரியாது. ஒரு பெண் போலீஸ் அதிகாரி போனில் அவனோடு மூன்றரை மணி நேரம் பேசுகிறார். அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் வக்கீலோடு பேசாமல் சரணடைய மாட்டேன் என்கிறான்.

அவன் சொன்ன வக்கீலின் நம்பர் வேலை செய்யவில்லை. அரசு செலவில் குற்றவாளிகளுக்காக வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்தைக் கூப்பிடலாம். ஆனால் அங்கிருந்து வருகிறவர் முதல் வேலையாக "போலீஸிடம் வாயைத் திறக்காதே" என்பார். அங்கே இருந்த அரசு வக்கீல் மார்க் பாட்லர் ஒரு முடிவெடுத்தார். தானே பப்ளிக் டிஃபெண்டர் என்று, 'மார்க் பாமர்' என்ற பொய்ப் பெயரில் பேசினார். நீல் நம்பினான். தனி அறை, சிகரெட், கூட வக்கீல் என்று தன் நிபந்தனைகளைச் சொன்னான். அன்று இரவே சரணடைந்தான். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். பாட்லர் செய்ததைத்தான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பாட்லர் உண்மையை நீலிடம் சொல்லவே இல்லை. அவனுக்காக நியமிக்கப்பட்ட நிஜ பப்ளிக் டிஃபெண்டர், இரண்டு வாரம் கழித்து டேப்பைக் கேட்கும்போது குரலை அடையாளம் கண்டுபிடித்தார். முதல் 'வக்கீலே' எதிர்க் கட்சி ஆள் என்றால் அடுத்தவரை எப்படி நம்புவது? கடைசியில் நீல் வக்கீல்களை விலக்கிவிட்டு தனக்குத்தானே வாதாடினான். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிற்பாடு அது ஆயுள் தண்டனையாக மாறியது.

2002-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் பாட்லரைக் குற்றவாளி என்றது. நோக்கம் நல்லது என்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நல்ல நோக்கம் விதியை மீற உரிமை ஆகாது என்றார்கள். மூன்று மாதத் தடை. அதையும் நிறுத்தி வைத்து, பன்னிரண்டு மாதக் கண்காணிப்பில் விட்டார்கள். சின்ன தண்டனைதான். ஆனால் ஒரு அரசு வக்கீலின் பெயர் பக்கத்தில் நிரந்தரமாக நிற்கிறது.

கொலராடோவும் 2017-ல் தன் விதியைத் திருத்தியது. சட்டப்படியான விசாரணையில் ஈடுபடும் மற்றவர்களுக்கு வக்கீல் ஆலோசனை சொல்லலாம், வழிகாட்டலாம், மேற்பார்வை பார்க்கலாம். பாட்லர் செய்தது இந்தத் திருத்தத்துக்குள்ளும் வராது.

வங்கிக்காரன் பார்வையில்

இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் எனக்கு ஓரிகன் நன்றாகப் புரிகிறது. லோன் கொடுக்கும்போது விதியில் இடமில்லாத ஒன்று வரும். கட்சிக்காரர் நல்லவர், தேவை நியாயமானது. அப்போது டீவியேஷன் நோட் எழுதி மேலே அனுப்பி, கையெழுத்து வந்த பிறகு பணம் கொடுப்போம். கொடுத்துவிட்டு அப்புறம் 'ஆக்‌ஷன் கன்ஃபர்ம்' பண்ணிக்கொள்ளலாம் என்று கிளம்பியவர்களில் பாதிப் பேர் நல்ல எண்ணம் உள்ளவர்கள்தான். விஜிலென்ஸ் விசாரணையில் நின்றவர்களிலும் அவர்கள் உண்டு. விலக்கு தேவைதான். அதை முன்கூட்டியே, எல்லோர் கண்ணிலும் படும்படி, நிபந்தனையோடு எழுதிவைக்க வேண்டும். "நாங்கள் அரசாங்கம், எங்களை நம்புங்கள்" என்பது நோட் ஆகாது. ஓரிகன் கோர்ட் அதைத்தான் கேட்டது. இரண்டு வருஷம் வலித்தது, ஆனால் எழுதி வாங்கினார்கள்.

கொலராடோ புரிய எனக்குக் கொஞ்சம் நாள் ஆயிற்று. போதைக் கடத்தல்காரனாக நடிப்பவர் கெடுப்பது ஒரு கடத்தல்காரனின் நம்பிக்கையை. அது கெட்டால் நல்லதுதான். 'நான்தான் உன் வக்கீல்' என்று நடிப்பவர் கெடுப்பது வக்கீல் என்ற வார்த்தையையே. நாளைக்கு இன்னொருவன் ஒளிந்துகொண்டு வக்கீல் கேட்கும்போது, அவன் நிரபராதியாகவே இருந்தாலும், போனில் வரும் குரலை அவன் நம்ப வேண்டுமே?

நம் நாட்டில் பொறி வைப்பது போலீஸ் வேலை. அரசு வக்கீல் பெரும்பாலும் குற்றப்பத்திரிகையோடுதான் உள்ளே வருகிறார். அதனால் இந்தச் சண்டை இங்கே இந்த உருவத்தில் வரவில்லை. ஆனால் கேள்வி பழசுதான். ஆறு வருஷம் கழித்து என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியபோது எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "அந்த நோட்டுகள் யாருடையவை?" புகார் கொடுத்தவருடையவை என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம். ஏன் என்று அப்போது புரியவில்லை.

மகள்தான் போனில் விளக்கினாள். 1949-ல் விந்தியப் பிரதேச மந்திரி ஒருவர் தில்லியில் 25,000 ரூபாய் லஞ்சம் வாங்கியபோது பிடிபட்டார். 1954-ல் நம் உச்ச நீதிமன்றம் அவர் குற்றவாளிதான் என்றது. ஆனால், கொடுக்கப் பணமே இல்லாதவருக்குப் போலீஸே பணத்தைத் தந்து லஞ்சத்தை உண்டாக்கியதையும், மாஜிஸ்திரேட்டைச் சாட்சியாகக் கூட்டிப் போனதையும் கண்டித்தது. பிடிபட்டவன் திருடன் என்பதால், பிடித்த விதத்தைக் கேட்காமல் விடவில்லை.

"சரிம்மா, நான் அன்னிக்குப் பண்ணினது சரியா தப்பா?" என்று கேட்டேன்.

"நீ பொய் சொல்லலியேப்பா. பார்த்ததைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டே. பொய் சொன்னவங்களையும் யாராவது பார்த்துக்கிட்டே இருக்கணும் இல்லையா? அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டாங்க."

அந்த பாட்டில் லேபிளில் இருந்த கையெழுத்துக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

கொசுறு: அந்தக் கேஸில் குற்றம் நிரூபணமாகி தண்டனையும் ஆயிற்று. ஆனாலும் இன்று வரை ரோஸ் மில்க் குடிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பாட்லர் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். வக்கீல் நண்பர்கள் திட்டினாலும் சரி.